மூலவோலை யார் கையில்? நீதிமன்ற மின்தாக்கலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழில் வழக்கைத் 'தொடுக்கிறோம்'. பூவைத் தொடுப்பதும் இதே சொல்தான். திருச்சி கண்டோன்மென்டில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில், காலையில் கோர்ட் உட்காருவதற்கு முன்னால் போய் நின்றால் இது வெறும் சொல்லொற்றுமை இல்லை என்று தெரியும். பிராது, ஆவணப் பட்டியல், வக்காலத்து, பேட்டா மெமோ என்று வரிசை பிசகாமல் அடுக்கி, மூலையில் துளையிட்டு, நூல் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொண்டிருப்பார்கள் குமாஸ்தாக்கள். அந்தப் பொருளுக்குப் பெயரே கட்டு. கட்டு போய்ச் சேரும் இடத்தில் முன்பு சிரஸ்தார் இருந்தார். பல இடங்களில் பேச்சுவழக்கில் இன்னும் இருக்கிறார். பாரசீகத்தில் 'ரிஷ்தா' என்றால் நூல். நூலின் தலைப்பைக் கையில் வைத்திருப்பவர் சிரஸ்தார். ஆங்கில 'ஃபைல்' என்ற சொல்லும் நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழில் நூல் என்றால் இழையும் ஆகும், புத்தகமும் ஆகும். மூன்று மொழிகளும் வெவ்வேறு காலத்தில், ஒன்றையொன்று கேளாமல், ஒரே விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கின்றன: எழுத்து வழக்காக வேண்டுமானால் அது கோக்கப்பட வேண்டும், கோத்த நூல் யாராவது ஒருவர் கையில் இருந்தாக வேண்டும்.

இப்போது நூல் போய்க்கொண்டிருக்கிறது. பிராதை பிடிஎஃப் ஆக்கி, கையொப்பத்தை ஓடிபி ஆக்கி, வில்லையை இணையப் பணமாக்கி ஏற்றிவிட வேண்டும். இந்த வளாகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "கட்டு கட்டுன கை சார் இது. இப்ப கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, ஏத்தறதுதான் இருக்கு. அதையும் கத்துக்கிட்டேன்னு வைங்க. ஏத்துனது போய்ச் சேந்துச்சான்னு யாரக் கேக்கறது? அதான் வெளங்கல."

மின்தாக்கல் குறித்து இன்று புழங்கும் சொல்லாடல்கள் இரண்டு. ஒன்று அரசும் நீதித்துறை நிர்வாகமும் முன்வைப்பது: காகிதமில்லா நீதிமன்றம், விரைவு, வெளிப்படை. மற்றது எதிர்ப்பவர்கள் சொல்வது: வயதான வழக்குரைஞர்களுக்குப் பழக்கமில்லை, தாலுகா ஊர்களில் இணையம் நிற்காது, குமாஸ்தாக்கள் பிழைப்பு போய்விடும். இரண்டுமே பிரச்சினையை இயந்திரத்தில் வைக்கின்றன. பழகிவிட்டால் தீர்ந்துவிடும் என்பது ஒரு தரப்பு, பழக முடியாது என்பது மறு தரப்பு. குமாஸ்தா கேட்ட கேள்வி இரண்டிலும் இல்லை. போய்ச் சேர்ந்தது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? எது மூலம், எது படி என்று சான்றளிப்பவர் யார்? இது கணினியோடு பிறந்த கேள்வி அல்ல. எழுதும் பொருள் மாறும்போதெல்லாம் இந்த அதிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அந்த இடப்பெயர்ச்சியின் வரலாற்றில் சில கணங்களைத் திருச்சி, திருவரங்கம் சார்ந்து பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

தமிழ் நினைவில் அழுத்தமாகப் பதிந்த ஆவண வழக்கு எது என்று கேட்டால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரித்த சுந்தரர் வழக்கைத்தான் சொல்ல வேண்டும். திருமணப் பந்தலுக்கு வந்த கிழவர் ஒருவர், மணமகனின் பாட்டனார் தமக்கு வழிவழி அடிமை என்று எழுதிக்கொடுத்த ஓலை இருப்பதாகச் சொல்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் கலங்கவில்லை. கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அனுபவப் பாத்தியதை, ஆவணம், சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள் அவையோர். மூலவோலை வருகிறது. கரணத்தான் வாசிக்கிறார். பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவந்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார்.

பக்தி இலக்கிய வாசிப்பில் இது தடுத்தாட்கொண்ட கதை. ஆவண வரலாற்று வாசிப்பில் வேறு மூன்று விஷயங்கள் மேலெழுகின்றன. முதலாவது, வெளியே எடுத்துச் செல்ல ஒரு படி, வீட்டில் ஒரு மூலம் என்ற ஏற்பாடு சேக்கிழார் காலத்து வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத நடைமுறை. இரண்டாவது, மூலத்தை மூலம் என்று நிறுவியது ஓலையின் பழமையோ கிழவரின் சொல்லோ அல்ல. அவையில் எல்லோர் கண்முன்னும் நடந்த ஒப்பீடு. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்திருக்கலாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவைக்குள் இருந்தவர்கள் பார்த்தார்கள். மூன்றாவதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஓலை ஓர் ஆளோலை, அடிமைச் சாசனம். ஆவணம் மெய்யானது என்று நிறுவப்பட்டவுடன் அடிமைத்தனம் நியாயமாகிவிடுகிறது. பாட்டன் போட்ட கையெழுத்து பேரனை எப்படிக் கட்டும் என்று அவை கேட்கவில்லை. ஆவணத்தின் மெய்ம்மையும் அதன் நீதியும் வேறுவேறு. இந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டு மின்தாக்கலையோ காகிதத்தையோ பேசுவதில் பயனில்லை.

3

மூலம், படி என்ற சிக்கல் திருவரங்கத்தில் இன்னும் கூர்மையாக எழுந்தது. 1323-இல் டில்லிப் படை வந்தபோது உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றி 1371-இல் அது திரும்பியபோது, இடைக்காலத்தில் எழுந்தருளப்பட்டிருந்த வேறொரு மூர்த்தி கோயிலில் இருந்தது. எது பழையது? பார்த்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள். கோயிலொழுகு சொல்லும் செய்தி இது: கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவரை, ஈரங்கொல்லியை, அழைத்து வருகிறார்கள். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடை தீர்த்தத்தை அவருக்குக் கொடுக்கிறார்கள். பழைய மூர்த்தியின் ஆடையை முன்பு துவைத்தவர் அவர். சுவைத்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்று சொல்கிறார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதை வரலாற்று நிகழ்வாக எடுத்துக்கொள்வதா, கதையாடலாக எடுத்துக்கொள்வதா என்பது வேறு விவாதம். ஒரு கோயில் தன் மூலத்தின் மெய்ம்மையை எதன்மேல் நிறுத்த விரும்பியது என்பதை இது காட்டுகிறது. அர்ச்சகர் சொல்லவில்லை, கணக்கர் சொல்லவில்லை, படைத்தலைவர் சொல்லவில்லை. பொருளோடு தினமும் புழங்கிய உழைப்பாளியின் நாக்கு சொன்னது. சான்றளிக்கும் அறிவு, படிநிலையின் கீழே இருந்தவரின் உடம்பில் இருந்தது. அதே சமயம் அந்த அறிவை ஏட்டில் ஏற்றியவர் அவரல்ல. ஒழுகு எழுதிய கை வேறு. தேவைப்பட்ட ஒரு நாள் அழைக்கப்பட்டார். ஒழுகுக்குள் அவர் ஒரு சாட்சியாக நிற்கிறார், எழுதுபவராக இல்லை.

கோயில் சுவர்களிலேயே இன்னொரு விதமான பதிவகம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலந்தொட்டு அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் திருவரங்கத்தில் படியெடுக்கப்பட்டுள்ளன. நிலக்கொடை, விளக்குக்கு ஆடு, நந்தவனக் குடிகளுக்கு ஜீவிதம் என்று சொத்துரிமை சார்ந்தவை ஏராளம். சோழர் காலத்து நிர்வாகத்தில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுவார்; ஓலை நாயகம் ஒப்புப் பார்ப்பார்; பிறகு வரிக்கணக்கில் ஏற்றுவார்கள்; அலுவலர் பலர் கையெழுத்திடுவார்கள்; கடைசியில்தான் கல்லிலும் செம்பிலும் வெட்டுவது. அதாவது கல்வெட்டு மூலம் அல்ல, படி. ஓலைகள் செல்லரித்துப் போயின. படி மிஞ்சியது. இன்று நாம் மூலம் என்று கொண்டாடுவதெல்லாம் பொது இடத்தில் வைத்த நகலைத்தான். சுவரில் இருந்ததால் ஊர் பார்த்தது, வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தார், அழித்தால் தெரிந்தது. நகலுக்கு அதிகாரத்தைத் தந்தது அதன் பொதுத்தன்மை.

4

1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பரப்பு கம்பெனியின் கைக்குப் போனது. திருச்சிராப்பள்ளியும் கூடவே போனது. அடுத்த சில வருஷங்களில் ஜில்லா நீதிமன்றங்கள், 1816-க்குப் பிறகு முன்சீப் கோர்ட்டுகள். நவாப் காலத்துச் சொற்கள் அப்படியே தங்கின: தாவா, பிராது, வக்கீல், அமீனா, ஜப்தி, ரத்து, ஜாமீன். வாய்தா என்ற சொல்லின் வேரில் இருப்பது வாக்குறுதி. நாம் அதைத் தள்ளிப்போடுவது என்ற பொருளில் வழங்குகிறோம். தாக்கல் என்றால் உள்ளே நுழைப்பது. மின்தாக்கல் என்று இன்று நாம் செய்த புதுச்சொல்லின் பின்பாதி அரபி.

கம்பெனிக்கு எழுத்து இல்லாமல் ஆளத் தெரியாது. எழுதுகிற உள்ளூர்க் கையின் மேல் நம்பிக்கையும் கிடையாது. கணக்குப்பிள்ளை பொய்க்கணக்கு எழுதுவான், சாட்சி பொய் சொல்வான், ஓலையில் தேதி மாற்றலாம் என்ற சந்தேகம் நிர்வாகத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. சென்னை மாகாணத்து எழுத்தர்களைப் பற்றிப் பவானி ராமன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த முரணைத்தான் விரிவாகப் பேசுகிறது. சந்தேகத்தின் விளைவாக முத்திரைத்தாள் வந்தது, கையொப்பமும் சாட்சிக் கையெழுத்தும் கட்டாயமாயின, பதிவு அலுவலகம் வந்தது. 1859-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1870-இல் நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1872-இல் சாட்சியச் சட்டம். ஊர் அவை பார்த்துச் சொன்ன மெய்ம்மையை இனி முத்திரை சொல்லும். ஆனால் முத்திரைத்தாளும் தானாகப் பேசவில்லை. பத்திர எழுத்தர், மனு எழுதுபவர், வக்கீல் குமாஸ்தா என்று ஒரு புதிய இடைநிலை வர்க்கம் முளைத்தது. எழுதத் தெரிந்தவனுக்கும் 'இப்படித்தான் எழுத வேண்டும்' என்று தெரியாது. கைநாட்டு வைப்பவரின் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த இடத்தில் திருச்சி நீதிமன்றத்திலிருந்தே ஒருவரை நினைவுகூர வேண்டும். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, மாயூரத்து முன்சீப் என்றும் முதல் தமிழ் நாவலாசிரியர் என்றும் அறியப்படுவதற்கு முன்னால் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். அதாவது கட்டுகளின் நடுவே உட்கார்ந்திருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தொகுத்தார். 1879-இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரத்தில், கட்சிக்காரனுக்கும் தெரியாத, பல சமயம் நீதிபதிக்கும் தேவைப்படாத ஆங்கிலத்தில் தமிழ்நாட்டு வக்கீல்கள் வாதாடுவதைக் கேலி செய்தார். ஆவணத்தைக் காத்தவருக்குத் தெரிந்திருந்தது: கட்டு பத்திரமாக இருப்பது போதாது, கட்டுக்குரியவன் அதைப் படிக்க முடிய வேண்டும்.

அந்தக் கோரிக்கை பாதி வழியில் நிற்கிறது. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழி திறந்தது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, அது ஏற்கப்படவில்லை. முசிறியிலோ மணப்பாறையிலோ தமிழில் தொடங்கும் தாவா, மதுரைக் கிளைக்கு மேல்முறையீடாகப் போகும்போது ஆங்கிலமாகிவிடுகிறது. பிரதி மாறுகிறது, உரியவன் மறுபடி அந்நியனாகிறான்.

தெரிதா 1995-இல் ஆவணக்காப்பகம் பற்றி எழுதியபோது அந்தச் சொல்லின் கிரேக்க வேரை நினைவூட்டினார்: ஆவணங்கள் இருந்த இடம் ஆளுவோரின் வீடு, அவற்றைக் காக்கும் உரிமையும் பொருள் சொல்லும் உரிமையும் ஒரே கையில் இருந்தன. நம் சிரஸ்தாருக்கும் இது பொருந்தும். என்ன, கிரேக்கர்கள் வீட்டைப் பிடித்தார்கள், நாம் நூலைப் பிடித்தோம்.

5

மின்தாக்கலின் வரலாறு குறுகியது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்பதிவுக்கும் மின்கையொப்பத்துக்கும் சட்டத் தகுதி தந்தது. சாட்சியச் சட்டத்தில் 65-பி பிரிவைச் சேர்த்தது. 2005-இல் நீதித்துறையின் மின்குழு ஒரு தேசியச் செயல்திட்டத்தை முன்வைத்தது. 2006 அக்டோபர் 2-இல் உச்ச நீதிமன்றத்தில் மின்தாக்கல் தொடங்கியது. இ-கோர்ட்ஸ் திட்டத்தின் முதல் கட்டம் 2007-இல், இரண்டாவது 2015-இல். 2023 செப்டம்பரில் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். இடையில் 2020-இன் பெருந்தொற்று, அதுவரை விருப்பத் தேர்வாக இருந்ததை ஒரே மாதத்தில் நிர்ப்பந்தமாக்கிவிட்டது. தமிழகக் கீழமை நீதிமன்றங்களில் 2023-லிருந்து மின்தாக்கலைக் கட்டாயமாக்கும் முயற்சிகள் வருவதும், வழக்குரைஞர் சங்கங்கள் எதிர்ப்பதும் பழகிய காட்சியாகிவிட்டது.

செய்முறை என்ன? வழக்குரைஞர் தம் பார் கவுன்சில் பதிவெண்ணைக் கொண்டு இணையதளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். நீதிமன்றம், வழக்கு வகை, கட்சிக்காரர் விவரம் நிரப்ப வேண்டும். பிராதையும் ஆவணங்களையும் பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். ஆதார் வழியாகவோ டோக்கன் வழியாகவோ மின்கையொப்பம். கட்டணம் இணையத்தில். பிறகு அலுவலகச் சரிபார்ப்பு. குறை இருந்தால் திரும்பி வரும். இல்லையென்றால் நம்பர் ஆகும், பதினாறு எழுத்தெண் கொண்ட சிஎன்ஆர் எண் கிடைக்கும். சொல்லும்போது சுலபம். நடக்கும்போது, ஜூனியர் ஸ்கேன் செய்கிறார், ஜெராக்ஸ் கடைக்காரர் பிடிஎஃப்பின் அளவைச் சுருக்கித் தருகிறார், குமாஸ்தாவின் போனில் சீனியரின் ஓடிபி வருகிறது. "சார் பேர்ல நான்தான் கையெழுத்து" என்று ஒரு குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொன்னால் நாமும் சிரிக்கிறோம். ஆனால் கையொப்பம் என்ற கருத்தே அங்கே கைமாறிவிட்டது. மின்வழி ஏற்றிய பிறகு காகிதக் கட்டும் கேட்கிறார்கள் என்பது வழக்குரைஞர்கள் பரவலாகச் சொல்லும் குறை. அப்படிக் கேட்குமிடத்தில் வேலை பாதியாகவில்லை, இரட்டிப்பானது.

தமிழுக்கு இன்னொரு தடை. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிராதுகள் திரையில் தமிழாகத் தெரியும். தேடினால் தமிழ் கிடைக்காது, உள்ளே இருப்பது வேறு குறிகள். 2010-இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றபின்னும் பழைய எழுத்துரு பழகிய விரல்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தேடக்கூடிய பிரதிதான் பிரதி என்று விதி சொல்லுமானால், வாசிக்கக்கூடிய ஒரு தமிழ்ப் பிரதி இயந்திரத்துக்கு வெறும் படமாக நின்றுவிடும்.

இப்போது சுந்தரர் வழக்கைத் திரும்ப நினைத்துப் பார்க்கலாம். நாம் ஏற்றுவது என்ன? படியோலை. கிரயப் பத்திரத்தின் மூலம் கட்சிக்காரன் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. விசாரணையில் சான்றாவணமாகக் குறியிடும் நாளில்தான் மூலம் கோர்ட்டுக்கு வர வேண்டும். மேகத்தில் ஏற்றிவிட்டோம், இனிக் கிழிக்க முடியாது என்ற ஆறுதலில் உண்மை உண்டு. அது கிழவர் ஏற்கெனவே கண்டுபிடித்த உண்மை. பிறக்கும்போதே மின்வடிவில் பிறந்த சாட்சியங்கள், அதாவது வாட்ஸப் உரையாடல், கண்காணிப்புக் கேமராப் பதிவு போன்றவை, வேறு வகை. அவற்றில் மூலத்துக்கும் படிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இதற்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது: ஒரு பகுதியைத் தரப்பினர் நிரப்ப வேண்டும், மற்றொரு பகுதியை நிபுணர். அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கோப்பை ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தினால் வரும் நீண்ட எண்ணெழுத்துத் தொடர் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொடர் அடியோடு மாறிவிடும்.

திருவரங்கத்து முதியவரின் நாக்கு இருந்த இடத்தில் இன்று ஹாஷ் நிற்கிறது எனலாம். அதன் துல்லியம் எந்த நாக்கையும்விட அதிகம். ஆனால் ஒரு எல்லை உண்டு. கோப்பு மாறவில்லை என்று மட்டுமே அது சொல்லும். கோப்புக்குள் இருப்பது மெய்யா என்று சொல்லாது. ஆளோலையின் கையெழுத்து சரியாக இருந்தது போல.

6

இங்கே பணயம் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பணயம் காலம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி தாவா பிறக்கும் கணம், உரிய அலுவலரிடம் பிராது கொடுக்கப்படும் கணம். கடைசி நாள் தப்பினால் மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் 5-ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு கேட்கலாம். தாவாவுக்கு அந்தப் பிரிவு இல்லை. கடன் கொடுத்தவனோ நிலம் இழந்தவளோ மூன்று வருஷமோ பன்னிரண்டு வருஷமோ கழித்து ஒரு நாள் பிந்தி வந்தால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு சாத்தியாகிவிட்டது. இதற்கு ஒரு விலக்கு 4-ஆம் பிரிவு: கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். வேலை நேரத்தின் ஒரு பகுதியில் மூடியிருந்தாலும் அன்று மூடியதாகவே கொள்ள வேண்டும் என்று அதன் விளக்கம் சொல்கிறது.

காகிதக் காலத்தில் மூடியிருப்பது கண்ணுக்குத் தெரியும். பூட்டுத் தொங்கும். இப்போது? நீதிபதி இருக்கையில் இருக்கிறார், கட்டடம் திறந்திருக்கிறது, இணையதளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்று நீதிமன்றம் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? துறையூரில் ஒரு அறையில் உட்கார்ந்து மாலை ஐந்து மணிக்குத் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கும் இளம் வழக்குரைஞருக்கு இது தத்துவக் கேள்வி இல்லை, ஒரு குடும்பத்தின் சொத்து. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளில், கடைசி நாளில் பதிவகத்தை அணுக முடியாவிட்டால் அந்த நாள் கணக்கில் சேராது என்று இருக்கிறது. 2000-இல் மின்தாக்கலைக் கட்டாயமாக்கிய சிங்கப்பூர், சொந்தமாகச் செய்ய முடியாதவர்களுக்காகச் சேவை மையங்களையும் கூடவே வைத்தது. நம் உச்ச நீதிமன்றமே 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரையறைக் கணக்கிலிருந்து நீக்கியது. அணுக முடியாதபோது காலம் ஓடக் கூடாது என்ற கொள்கை நமக்குப் புதிதல்ல. கொள்ளை நோய்க்கு ஒப்புக்கொண்டதை, படுத்துவிட்ட சர்வருக்கும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. காகிதத்தின் மேல் ஏக்கம் கொள்பவர்கள் கவுன்டரை மறந்துவிடுகிறார்கள். ஏற்றுக்கொண்ட கட்டைக் குறை எழுதித் திருப்பினால் அதற்குத் தடயம் உண்டு. "இது நிக்காது, நாளைக்கு வா" என்று வாங்காமலே அனுப்புவதற்குத் தடயம் கிடையாது. வாங்க மறுத்த நேரம் எந்த ஏட்டிலும் இல்லை. சிநேகம் உள்ளவன் கட்டு முன்னால் போகும். ஊர், சாதி, பழக்கம் எல்லாம் அந்த மேசையில் ஒரு வேலை செய்தன. முதல் தலைமுறையாகப் படித்து வந்த பெண், தலித் வழக்குரைஞர்களுக்கு அந்த மேசை எப்படி இருந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஏற்றிய நிமிஷத்தை ஏற்றியவர் கையிலேயே பதிவாகத் தருவது மின்தாக்கலின் மெய்யான புரட்சி. வேகத்தை அதற்கு அடுத்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் மறுப்புக்கும் நேரம் உண்டு, காரணம் உண்டு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்து திருச்சிக்காரர்களின் சென்னைப் பயணத்தை மதுரைப் பயணமாகக் குறைத்தது. மின்தாக்கல் அதையும் குறைக்க முடியும். இதை வேண்டாம் என்று சொல்ல விளிம்பில் இருப்பவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

7

ஆகவே பழகுதல் என்பதை வேறு விதமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இரண்டு வாரத்தில் வந்துவிடும். அறுபது வயதுக் குமாஸ்தாக்கள் கற்றுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தகுதியில்லை என்று அவர்களை முன்கூட்டியே ஒதுக்குவது சோம்பேறித்தனம், கொஞ்சம் மேட்டிமையும்கூட. பொத்தானுக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்கவும் ஒப்பிடவும் மறுக்கவும் முடிகிறதா என்பதே பழக்கத்தின் அளவுகோல். திருவெண்ணெய்நல்லூர் அவை ஓலையை எடுத்துவந்து ஒப்பிட்டது. திருவரங்கத்தில் கொடையின் படி சுவரில் இருந்தது. முத்திரைத்தாள் அந்த அறிவைக் கச்சேரிக்குள் எடுத்துப் போனது. மின்தாக்கல் அதைக் கச்சேரியையும் தாண்டி, யாரும் போய் எட்டிப் பார்க்க முடியாத ஓரிடத்துக்கு எடுத்துப் போகிறது. அதை மறுபடி சுவருக்குக் கொண்டுவர முடியுமா என்பதே நம் காலத்துக் கேள்வி.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. தளம் எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றது என்ற பதிவு நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அது 4-ஆம் பிரிவுக்குச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். திருப்பியனுப்பும் காரணம் தமிழில், கட்சிக்காரனின் போனுக்கும் போக வேண்டும். நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் வக்கீல் இல்லாமல் வருபவனின் பிராதையும் ஏற்ற வேண்டும். குமாஸ்தாவுக்குத் தன் பெயரிலேயே ஒரு கணக்கு வேண்டும். சீனியரின் ஓடிபிக்குள் ஒளிந்து வேலை செய்யும் நிலை மாற வேண்டும். நம்பெருமாளை அடையாளம் சொன்னவரைச் சாட்சியாக மட்டும் நிறுத்திவிட்ட பழைய ஏட்டின் தவறைப் புதிய ஏடும் செய்ய வேண்டியதில்லை.

கட்டு கட்டிய அந்தக் குமாஸ்தாவை மறுபடி பார்த்தபோது ஏற்றி முடித்ததற்கான ஒப்புகையை அச்செடுத்து, பழைய வழக்கப்படி துளையிட்டு நூல் கோத்துக் கொண்டிருந்தார். எதுக்கு இது என்று கேட்டேன். "நேரம் போட்டு வந்திருக்கு சார், நாலு மணி பதினேழு நிமிஷம். நாளைக்கு எவனாவது வரலன்னு சொன்னா காட்டணும்ல?" என்றார்.